புறக்கடையில் வனராஜா: ஐம்பது குஞ்சுகள், நான்கு மாதம்

பிராய்லர் 40 நாளுக்குள் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும் என்றாலும் திறந்தவெளியில் விட்டால் சித்திரை வெயிலைத் தாங்காது. நாட்டுக்கோழி எதையும் தாங்கும், ஆனால் கறிக்கு ஆகும் எடைக்கு வர ஐந்தாறு மாதம் பிடிக்கும். இடைப்பட்டதாக ஒன்று வேண்டும் என்றுதான், ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய வனராஜா என்ற கலப்பினக் கோழியில் 50 ஒருநாள் குஞ்சுகளை வாங்கினேன்.

குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தின் மீது எனக்கு வருத்தம் உண்டு. மூன்று குஞ்சுகள் தொப்புள் ஆறாமலேயே வந்து இரண்டு நாளில் இறந்தன. கோழிகளை முடக்கும் மேரெக்ஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு கேட்டபோது மழுப்பலான பதிலே கிடைத்தது. மற்றவற்றை மூன்று வாரம் பல்பு வெளிச்சத்தில் வைத்து, ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் அதே நோய்க்கான தடுப்பூசியும் கொடுத்தேன். அதன்பின் நோயால் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆறு வாரத்துக்குப் பின் கம்பு, குருணை, மேய்ச்சலில் கிடைத்த கரையான் ஆகியவற்றிலேயே வளர்ந்து, பதினான்காம் வாரத்தில் சேவல்கள் சராசரியாக 1.6 கிலோ நின்றன. சேவல் வழியில் கார்னிஷ் என்ற கறிக்கோழி இனத்தின் இரத்தம் இருப்பதால் நெஞ்சு அகலம். தீயில் வாட்டி மஞ்சள் பூசி அறுத்த முதல் சேவலின் கறி, பிராய்லரைப் போலக் குழையாமல், நாட்டுக்கோழி அளவுக்கு விறைப்பாகவும் இல்லாமல், குக்கரில் ஐந்து விசிலில் வெந்தது.

ஆனால் இதை நாட்டுக்கோழி என்று சொல்லி விற்க நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். சந்தை வியாபாரி தடித்த மஞ்சள் காலைப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிட்டார். பருந்தின் நிழல் விழுந்ததும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி புதருக்குள் மறைந்துவிடும்; வனராஜாவோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அப்படி இரண்டை இழந்தேன். பெட்டைகள் அடைக்கு உட்காருவதும் அரிது. முட்டையை வேறு கோழியின் அடியில் வைத்துப் பொரித்தாலும், கலப்பின வீரியம் அடுத்த தலைமுறையில் குறைவதால் குஞ்சுகள் ஒரே சீராக வளர்வதில்லை. ஒவ்வோர் ஈட்டுக்கும் புதுக்குஞ்சு வாங்கியே ஆகவேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கறிக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நானும் வேறொரு பொரிப்பகத்தில் 30 குஞ்சுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கூடவே, பருந்தைக் கண்டால் குரல்கொடுக்க இரண்டு சிறுவிடைப் பெட்டைகளையும் வாங்கி விட்டிருக்கிறேன்.