சேலத்தில் அப்பாவுக்குச் செய்த சிறுகுடல் என்டோஸ்கோப்பி: மயக்க மருந்துப் பிரிவு எப்படி இருந்தது?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு வயது 67. இரண்டு முறை ரத்தம் ஏற்றிய பிறகும் அவருடைய ஹீமோகுளோபின் மீண்டும் 7-க்கே இறங்கியது. வாய்வழி என்டோஸ்கோப்பியிலும் கொலோனோஸ்கோப்பியிலும் ஒன்றும் தென்படாததால், குடலுக்குள் போகும் வழியெல்லாம் படம் எடுக்கும் சிறிய கேமரா வைத்த கேப்சூலை விழுங்கச் செய்தார்கள். சிறுகுடலின் மேற்பகுதியில் ரத்தம் கசிவது அதில் தெரிந்தது. அந்த இடத்தை எட்டி, சூடு வைத்துக் கருக்கி ரத்தக் கசிவை நிறுத்துவதற்காகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பலூன் என்டோஸ்கோப்பி செய்துகொண்டோம். குடல் மருத்துவரைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் எல்லோரும் போகிறோம். மயக்கம் கொடுப்பவர் யார் என்று கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பிரிவைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சாதாரண வயிற்று என்டோஸ்கோப்பியைப் போன்றதன்று இது. சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம் உடையது. 2001-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ வெளியிட்ட இரட்டைப் பலூன் முறையில், பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கிச் சுருங்கி ஊசியின்மேல் ஏறுவதைப் போல, பலூனை ஊதியும் சுருக்கியும் குடலைக் கருவியின்மேல் சேர்த்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம் என்பதால், தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துச் சமாளிக்க இயலாது. வாய்வழியாகச் செய்யும்போது இரைப்பையில் உள்ள நீர் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. அப்பாவுக்கு முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழாய் வைத்தே செய்வதென்று முடிவெடுத்ததற்கு இதுவே காரணம்.

என்னை மிகவும் கவர்ந்தது, இரண்டு நாள் முன்னதாக நடந்த மயக்க மருத்துவர் சந்திப்பு. மற்ற இடங்களில் கையெழுத்து வாங்குவதோடு முடியும் இந்தச் சந்திப்பு இங்கே அரை மணி நேரம் நீடித்தது. “ஐயா, வாயை நல்லாத் திறந்து நாக்கை நீட்டுங்க” என்றார் மருத்துவர். கழுத்தைப் பின்னால் சாய்த்து விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். இரவில் குறட்டை எப்படி என்று அம்மாவிடம் கேட்டார். கீழ்ப்பல் ஒன்று ஆடுவதைக் கண்டு, கையுறை மாட்டிய விரலால் அதை மெல்ல அசைத்துப் பார்த்து, குழாய் வைக்கும்போது பெயர்ந்து உள்ளே போய்விடக்கூடும் என்று விளக்கித் தாளில் குறித்துக்கொண்டார். ரத்த அழுத்த மாத்திரைகளில் காலையில் எதை விழுங்கலாம், எதை விடவேண்டும் என்பதையும் தனித்தனியே எழுதிக் கொடுத்தார். அப்பா கேட்ட ஒரே கேள்வி, “காப்பி குடிக்கலாங்களா?” என்பதுதான். “பால் ஊத்தாத கடுங்காப்பின்னா ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாங்கய்யா. பால் சேர்ந்தா ஆறு மணி நேரம் இடைவெளி வேணும்” என்று அவர் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

இவ்வளவு கவனமாகச் சொன்னதை அதே மருத்துவமனையின் அலுவலகம் கெடுத்தது. முதல் நாள் மாலை தொலைபேசியில் அழைத்த பணியாளர், இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார். மருத்துவர் வேறு மாதிரி சொன்னாரே என்று கேட்டேன். “எல்லாருக்கும் இப்படித்தாங்க” என்று பதில் வந்தது. பயந்துபோய் அதையே கடைப்பிடித்தோம். காலை ஒன்பது மணி என்று சொல்லியிருந்த சிகிச்சை, பகல் ஒரு மணிக்குத்தான் தொடங்கியது. பதினைந்து மணி நேரம் தண்ணீர் இல்லாமல், ரத்தசோகையும் உள்ள ஒரு பெரியவருக்கு நரம்பு எங்கே கிடைக்கும்? மூன்றாவது குத்தில்தான் ஊசி ஏறியது. இதை அறிந்த மயக்க மருத்துவர் வெளிப்படையாகவே வருந்தினார். உடலில் நீர் குறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும் என்று சொல்லி, முதலில் சலைன் ஏற்றிய பிறகே தொடங்கினார். அவர் சொல்லும் ஒன்று தொலைபேசி எடுப்பவர் வரை போய்ச் சேராதது, இவ்வளவு நல்ல பிரிவுக்குப் பொருந்தாத குறை.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. முடிந்தபின் மருத்துவர் காட்டிய பதிவுத்தாளைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ரத்த அழுத்தத்துக்கு மேலும் கீழுமாகக் கூம்புக் குறிகள், நாடித்துடிப்புக்குப் புள்ளி, ஆக்சிஜன் அளவு, வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு என்று ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு வரிசையாக எழுதப்பட்டிருந்தது. புரோபோஃபால் என்ற பால் நிற மருந்து கொடுத்தவுடன் கூம்புகள் கீழே இறங்கியதையும், மருந்து கொடுத்துச் சரிசெய்ததையும், அதன்பின் கோடு சமமாகப் போனதையும் அவர் விரல் வைத்துக் காட்டினார். விரலில் மாட்டும் கருவி மட்டும் போதாதா என்று கேட்டேன். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு தடைப்பட்டாலும் அந்தக் கருவியில் எண் இறங்கச் சிறிது நேரம் பிடிக்கும் என்றும், கார்பன் டை ஆக்சைடு அலையோ அடுத்த மூச்சிலேயே காட்டிக் கொடுத்துவிடும் என்றும் விளக்கினார். குடலை விரிக்கக் காற்றுக்குப் பதில் அதே வாயுவைப் பயன்படுத்துவதால், உடல் அதை விரைவில் உறிஞ்சிக்கொண்டு வயிற்று உப்பசம் குறைகிறது. அதனாலும் அந்த அளவைக் கவனிக்கவேண்டியிருக்கிறதாம்.

விழித்தெழும் அறை சிறியது, கூட்டம் அதிகம். ஆனாலும் செவிலியர் அப்பாவின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பல் பத்திரமாக இருந்தது. ஒரு நாள் தொண்டை வலித்தது. கடும் வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ வந்தால், கணையத்தில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம் என்பதால் உடனே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அன்றைக்கே ஏறவேண்டாம் என்று மருத்துவரே தடுத்தார். அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கினோம். மயக்க மருத்துவரின் கட்டணம் முதலில் சொன்ன தொகையில் சேர்ந்திருக்கவில்லை என்பதால், முன்பதிவின்போதே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கீழ்ப்பகுதியையும் பார்க்க அடுத்த மாதம் ஆசனவாய் வழியாக இன்னொரு முறை செய்யவேண்டியிருக்கிறது. அதே மயக்க மருத்துவர் பணியில் இருக்கும் நாளைக் கேட்டுத்தான் தேதி வாங்கியிருக்கிறோம். எப்போது வரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டேன்.