பத்திரிகையிலிருந்து போன் வந்தால் வாயால் பதில் சொல்லாதீர்கள்

கட்டற்ற மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள், செய்யும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முக்கியமாக உங்கள் குழுவில் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை யார் தலையில் இருக்கிறதோ அவர்கள். எங்கள் குழுவில் அது என் வேலை. நாங்கள் ஏழு பேர், ஆண்ட்ராய்டுக்கு ஒரு தமிழ் விசைப்பலகை செய்து இலவசமாகக் கொடுக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, அவரவர் வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து செய்வதுதான்.

2024 மார்ச்சில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பிலிருந்து போன் வந்தது. தமிழ் தட்டச்சுக்கான தமிழ்99 விசை அமைப்பு வந்து 25 வருடம் ஆகிறது, அதைப் பற்றி எழுதுகிறோம், உங்கள் செயலியைப் பற்றியும் நாலு வரி போடலாம் என்றார் நிருபர். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாற்பது நிமிடம் பேசினேன். உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம் இருப்பது, க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகவே புள்ளி விழுவது, எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைக்கும் நேரத்தில், "அப்ப நாங்க டைப் பண்றதெல்லாம் உங்க கீபோர்டுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். எந்த விசைப்பலகையாக இருந்தாலும் நீங்கள் தட்டுகிற எழுத்து அதன் வழியாகத்தான் போகும், அதனால் அதற்குத் தெரியும்தான், ஆனால் எங்கள் செயலி இணைய அனுமதியே கேட்பதில்லை, செயலி கேட்கும் அனுமதிகளெல்லாம் எழுதியிருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையைச் சொன்னேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் போனில் சொல்லியிருக்கக் கூடாது.

மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. லினக்ஸில் எங்கு பார்த்தாலும் இருக்கும் அந்தக் கோப்பு சுருக்கும் கருவியில், 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தார்கள். தூரத்திலிருக்கும் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்-இல் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் போய் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். இரண்டு வருடமாக நல்ல பிள்ளையாக நிரல் எழுதிக் கொடுத்து, அந்தக் கருவியைப் பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்று, ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள் செய்த வேலை அது. அதைப் பற்றி எழுதட்டும், எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் 7 ஞாயிறு காலை இணைப்பிதழைப் பிரித்தால் தமிழ்99 பற்றி ஒரு வரி இல்லை. இலவச மென்பொருளில் இருக்கும் ஆபத்து என்று முழுப்பக்கக் கட்டுரை, மேலே எக்ஸ்இசட், அதற்குக் கீழே நாங்கள். "தட்டச்சு செய்வது எங்களுக்குத் தெரியும்தான்" என்று நான் ஒப்புக்கொண்டதாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் சொன்னது விசைப்பலகையை, அவர்கள் போட்டது எங்களை. இணைய அனுமதி பற்றிச் சொன்ன பாதியைக் காணவே காணோம். பக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வேறு: இந்தச் செயலி கடவுச்சொல், கிரெடிட் கார்டு எண் உட்பட நீங்கள் தட்டும் எல்லாவற்றையும் சேகரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. அது ஆண்ட்ராய்டு காட்டும் எச்சரிக்கை. வெளியிலிருந்து எந்த விசைப்பலகையை நிறுவி இயக்கினாலும் அதேதான் வரும், பெரிய கம்பெனிகளுடையதுக்கும் வரும். எங்கள் பெயர் தெரிகிற மாதிரி அதைப் படம் பிடித்து ஆதாரம் என்று போட்டுவிட்டார்கள்.

அன்று பத்து மணிக்குள் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை அழைத்தார். க்ஷ சரியாக விழவில்லை என்று முதலில் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான், அதன்பிறகு ஒவ்வொரு பதிப்பையும் தானே சோதித்துப் பார்த்துச் சொல்வார். "தம்பி, நான் பேங்க் பாஸ்வேர்டெல்லாம் மாத்தணுமா?" என்று கேட்டார். மாற்ற வேண்டாம்மா என்று விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அதற்கு முன்பே அவர் மகன் செயலியை நீக்கியிருந்தார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

சரி, திருத்தம் போடச் சொல்லலாம் என்று நிருபரைப் பிடித்தேன். "பயப்படாதீங்க சார், ஆசிரியர்கிட்ட பேசிட்டேன், எலெக்‌ஷன் முடியட்டும்" என்றார். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்தது. அப்புறம் ரிசல்ட் வரட்டும் என்றார். ஜூன் 4 ரிசல்ட்டும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து என் நம்பரை எடுக்கவே இல்லை.

அதன்பிறகுதான் இந்தியப் பிரஸ் கவுன்சிலில் முறையிடலாம் என்று தேடினேன். நாளிதழ் என்றால் செய்தி வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்பி, அந்தக் கடிதத்தின் நகலைப் புகாரோடு வைக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. கெடு ஜூன் 7-ஓடு போயிற்று, என்னிடம் இருந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் "பார்க்கிறேன் சார்" என்று வந்த நாலு பதில்கள். கவனியுங்கள், இந்தக் கவுன்சில் அச்சுப் பத்திரிகைக்கும் செய்தி நிறுவனத்துக்கும்தான், டிவி இதில் வராது.

அதனால் உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் சந்தோஷத்தில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள், கேள்விகளை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல நிருபர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கே அப்படி இருவரைத் தெரியும், ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால்கூட ராத்திரி மெயில் போட்டுக் கேட்பார்கள். பாதுகாப்பு பற்றிய பதிலை, எங்கே வெட்டினாலும் பொருள் மாறாதபடி ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்கள் செயலி இணையத்தைத் தொடுவதில்லை" என்பதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்திருக்க வேண்டிய வாக்கியம். தவறாக வந்துவிட்டால் நிருபரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், அன்றைக்கே ஆசிரியர் பெயருக்குப் பதிவுத் தபாலில் மறுப்பை அனுப்பி ரசீதை எடுத்து வையுங்கள்.

பத்திரிகையின் பெயரைக் குழுவில் பேசி முடிவெடுத்து இங்கே போடவில்லை. ஞாயிறு இணைப்புக்காக என்று சொல்லி உங்கள் செயலியைப் பற்றி யாராவது போனில் கேட்டிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், என்னிடம் இருக்கும் உரையாடல் முழுவதையும் அனுப்புகிறேன்.