விலைக்கு முன்னால் எந்த ‘அழகாக’?

உறவினரின் சேலைக் கடைக்கு ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன். “அழகாகப் பெட்டியில் வைத்துத் தருகிறோம், விலையும் கட்டுப்படியாகும் என்று போடு” என்றார். இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கும் பொருந்துகிற ஓர் ஆங்கில ‘அழகாக’வைத் தேடி ஒரு மாலை முழுவதும் போனது.

‘பிரிட்டிலி’யை உடனே தள்ளிவிட்டேன். அதில் சிறுமியின் கொஞ்சல் தெரிகிறது, பட்டுக்கு ஒட்டாது. ‘பியூட்டிஃபுலி’ நம் ‘அழகாக’வுக்கு உடன்பிறப்பு. அழகாகப் பாடினாள் என்றால் பாட்டின் நேர்த்தியைத்தான் சொல்கிறோம், முகத்தை அல்ல. ஆங்கிலத்திலும் அப்படியே, பழுது பார்த்த எஞ்சின்கூட ‘பியூட்டிஃபுலி’ ஓடும். பெட்டிக்கு இது போதும். விலைக்கு முன்னால் வைத்தால்தான் ஒட்டாமல் நிற்கிறது.

விலைதான் என்னை மாட்டிவிட்டது. கம்பீரமாக இருக்கிறதே என்று முதல் வரைவில் ‘ஹேண்ட்சம்லி பிரைஸ்டு’ என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் சிரித்தார். ‘ஹேண்ட்சம் பிரைஸ்’ என்றால் கொழுத்த விலை! அந்தச் சொல் ‘ஹேண்ட்’, அதாவது கையிலிருந்து பிறந்தது. கையாள எளிதானது என்பதே பழைய பொருள்; தாராளம், தோற்றப் பொலிவு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. பணம் பக்கத்தில் வந்துவிட்டால் தாராளம்தான் முன்னே நிற்கும். ‘ஹேண்ட்சம்லி பெய்டு’ என்றால் கை நிறையச் சம்பளம். வாங்குகிறவருக்கு இனிக்கும் சொல், கொடுக்கிறவருக்குக் கசக்கும். துண்டறிக்கையைப் படிப்பவரோ கொடுக்கிறவர். (பாய்மரக் கப்பலில் இதே சொல்லுக்கு ‘மெதுவாக, பதனமாக’ என்று பொருள். கயிற்றை இறக்கும்போது அப்படித்தான் கட்டளையிடுவார்கள்.)

ஆகவே என் ஓட்டு ‘அட்ராக்டிவ்லி’க்கு. தன் பக்கம் இழுப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. காந்தம் இரும்பை இழுப்பதற்கும் இதே குடும்பத்துச் சொல்தான். செய்தவர் கைவண்ணத்தைப் பாராட்டாமல், பார்ப்பவர் மனம் எங்கே சாய்கிறது என்று சொல்கிறது. அதனால்தான் ‘அட்ராக்டிவ்லி பிரைஸ்டு’ என்றதும் ‘இந்த விலைக்கு வாங்கலாமே’ என்று தோன்றுகிறது. பெட்டிக்கும் பழுதில்லாமல் பொருந்துகிறது. கொஞ்சம் கடைவாசனை அடிக்கும் சொல்தான்; இது கடைக்குத்தானே! மனிதர்களைப் பற்றி எழுதும்போது எனக்கு இதில் அவ்வளவு பழக்கமில்லை. பாட்டுக்கும் நடனத்துக்கும் ‘பியூட்டிஃபுலி’யையே வைத்துக்கொள்வேன்.

தமிழுக்குத் திருப்பும்போது ஒரு சிக்கல் உண்டு. அகராதி ‘கவர்ச்சியாக’ என்று கொடுக்கிறது. சினிமாப் பக்கங்கள் அந்தச் சொல்லை என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்பது தெரிந்ததுதான். ‘அட்ராக்டிவ்லி’ உடுத்தியிருந்தாள் என்பதைக் ‘கவர்ச்சியாக உடுத்தியிருந்தாள்’ என்று எழுதினால் அந்தப் பெண் சண்டைக்கு வருவாள். ‘எடுப்பாக’ என்று எழுதினால் சேலை எங்கே வாங்கியது என்று சொல்லிவிட்டுப் போவாள்.