வயர்லெஸ் சார்ஜிங் சூடு: ஃபேன் வைத்த ஸ்டாண்டா, வெறும் மேக்னெட் ஸ்டாண்டா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் ஏசி இல்லாத அறையில், இரவு முழுக்கப் போனை வயர்லெஸ் சார்ஜரில் வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் நான்கு வகை கிடைக்கின்றன. மேசையில் படுத்துக் கிடக்கும் சாதா பேட், உள்ளே சின்ன ஃபேன் வைத்த ஸ்டாண்ட், குளிரும் தகடு வைத்த பெல்டியர் சார்ஜர், மேக்னெட்டில் போனைப் பிடித்து நிறுத்தும் ஃபேன் இல்லாத ஸ்டாண்ட். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் போனைக் குளிர்ச்சியாக வைக்கும். நான் ஃபேன் ஸ்டாண்டை நன்றாகப் புழங்கிவிட்டு மேக்னெட் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறேன். நம் பக்கத்துக் காற்றுக்கு அதுதான் சரி என்பது என் முடிவு.

சூட்டுக்குப் பயந்தால் வயரிலேயே போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயரில் சூடு குறைவு, மின்சாரமும் அதிகம் வீணாகாது. உப்புக்காற்று எட்டாத இடத்தில் வீடு என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கடலோரத்தில் சி-டைப் பின் படும் பாடு வேறு. வியர்த்த சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்படியே கேபிளைச் சொருகினால், சார்ஜிங் போர்ட்டில் ஈரம் இருக்கிறது என்று பல போன்கள் மறுத்துவிடும். அந்த ஈரத்தோடு மின்னோட்டமும் சேர்ந்தால் பின்னின் முலாம் போய்ப் பச்சை பூக்கும். போர்ட் மாற்றப் போனபோது மெக்கானிக் அந்தப் பச்சையை லென்ஸ் வைத்துக் காட்டினார். “கடல் காத்துணா. எவ்ளோ நல்ல கேபிள் போட்டாலும் புடிச்சிரும். உங்க போன்ல வயர்லெஸ் இருக்குல்ல, அதுலயே போட்டுக்கோங்க” என்றார். அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

அப்புறம் சூடு. சார்ஜரில் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், போனின் முதுகில் ஒரு காயில். சார்ஜர் காயில் உண்டாக்கும் காந்தப்புலம் போன் காயிலில் மின்சாரமாகிறது. இந்தக் கைமாற்றில் ஒரு பங்கு சூடாகிப் போகும். இரண்டு காயிலும் நேருக்கு நேர் அமையாவிட்டால் அந்தப் பங்கு கூடும். சூடு போய்ச் சேரும் இடம் பேட்டரிக்கு ஒட்டிய பின்புறக் கண்ணாடி. லித்தியம் அயன் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யலாம். அந்த எல்லையை நெருங்கும் முன்பே போன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐபோன் என்றால் சார்ஜிங்கை நிறுத்தி வைத்திருப்பதாகச் செய்தியே காட்டும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சார்ஜர்களைச் சோதித்து வீடியோ போடுபவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் சோதிக்கிறார்கள். 25 டிகிரி அறையில் 45-ஐத் தொட இன்னும் 20 டிகிரி இடம் இருக்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, இரவு 10 மணிக்கும் 34-ல் நிற்கும். மிச்சம் 11 டிகிரிதான். அவர்களிடம் அமைதியாக வேலை செய்த அதே சார்ஜர் நம் வீட்டில் கை சுடுவது இதனால்தான். ஐபோனைப் பயன்படுத்துவதற்கே 35 டிகிரி வரையிலான சூழலைத்தான் ஆப்பிள் சொல்கிறது. நாம் அந்தக் கோட்டிலேயே குடியிருக்கிறோம்.

சாதா பேட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். போனைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் காயில் சற்று விலகித்தான் அமையும், முதுகும் பேட்டோடு அழுந்திக் காற்றுப் படாமல் கிடக்கும். என் போனின் பேட்டரி அதில் 42 டிகிரி வரை போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எந்த சார்ஜருக்கும் பொருந்துவது: பேக் கவருக்குள் மெட்ரோ கார்டு, மடித்த நூறு ரூபாய், கார் மவுண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகடு என்று எதையும் வைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் போடாதீர்கள். தகடு காந்தப்புலத்தில் தானே சூடாகும். கார்டில் உள்ள சிப் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு கவருக்குள் கார்டு வைக்கும் பழக்கம் இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

இப்போது ஃபேன் ஸ்டாண்ட். புதிதாக வாங்கியபோது அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். முதுகின் மேல் காற்று ஓடும், வெப்பம் நாற்பதுக்குக் கீழேயே நிற்கும், சார்ஜும் வேகம் குறையாமல் ஏறும். வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. விலை குறைந்த சிலவற்றில் ஃபேன் சார்ஜருக்குள் இருக்கும் காயிலை மட்டும்தான் குளிர்விக்கும், காற்று போனின் முதுகுக்கு வரவே வராது. போன் சாயும் பக்கத்தில் காற்றுத் துளை இருக்கிறதா, முதுகுக்கும் சார்ஜருக்கும் நடுவே காற்று போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது, வீட்டில் மற்றவர்களுக்குப் பழகவில்லை.

என் முடிவை மாற்றியது அந்தச் சத்தமல்ல, பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பெட்டியிலும் இது எழுதியிருக்காது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்திலிருந்து சில தெரு தள்ளி இருப்பவர்களுக்கு, ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி என்ன நிறமாகும் என்பது தெரியும். டீசல் கரி, சாலைப் புழுதி, இவற்றோடு கடலின் உப்பு. இந்த உப்புதான் கதையை மாற்றுகிறது. சோற்றுப்பு காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் ஊருக்கு உள்ளே ஊதினால் பறந்துவிடும் தூசு, இங்கே இரவில் ஈரமாகிப் பசையாக ஒட்டி, பகலில் காய்ந்து இறுகிவிடுகிறது. ஃபேன் என்பது இரவு முழுக்க அந்தக் காற்றை ஒரு சின்னத் துளை வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும் கருவி. வீட்டில் வேறெங்கும் படிவதைவிட அதற்குள்தான் அதிகம் படியும்.

முதலில் இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பாகக் கோடு கட்டும். அப்புறம் காற்றுத் துளையின் வலை அடைபடும். அடுத்து பேரிங். இந்தச் சின்ன ஃபேன்களில் பெரும்பாலும் எண்ணெய் தோய்ந்த சாதாரண ஸ்லீவ் பேரிங்தான். எண்ணெயில் கரி கலந்து கெட்டியானால் ஃபேன் தொடங்கும்போது திணறும், ஒரு கட்டத்தில் சுற்றவே சுற்றாது. நின்றுபோன ஃபேன் உங்களுக்குச் சொல்லாது, விளக்கு எப்போதும்போல எரியும். அந்த நிலையில் அது காற்றுப் போக வழியில்லாத பிளாஸ்டிக் பெட்டி, சாதா பேட்டைவிட மோசம். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், காலையில் எடுத்தால் பாதிதான் ஏறியிருக்கும்.

சுத்தம் செய்யலாமே என்றால், செய்யலாம். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் துளைகளைத் தட்டி எடுப்பேன். பசையாக ஒட்டியதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸ் வேண்டும், அதற்கு உள்ளே போக வேண்டும். என்னுடையதில் அடியில் இருந்த ரப்பர் காலைப் பிய்த்தால் ஸ்க்ரூ இருந்தது, திறக்க முடிந்தது. பல ஸ்டாண்டுகளைப் பசை போட்டே மூடிவிடுகிறார்கள், திறந்தால் உடையும். ஃபேன் போய்விட்டால் ரிச்சி தெருவில் 40 மில்லிமீட்டர் 5 வோல்ட் ஃபேன் தேடலாம், அளவு பொருந்தினால் சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஆர்வம் இருப்பவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்றவர்களுக்கு, வாங்கிய பொருளைத் தூக்கிப்போடும் நேரம்.

பெல்டியர் வகை போனில் கேம் ஆடுபவர்களுக்காக வந்தது. 1834-ல் பெல்டியர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கண்ட விளைவு இது. இரண்டு வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கம் போனுக்கு, சுடும் பக்கத்தை ஆற்ற ஒரு ஃபேன். ஆக, மேலே சொன்ன ஃபேன் தொல்லை முழுசாக இதற்கும் உண்டு. எதிர்வீட்டுத் தம்பி கேம் ஆடும்போது போடுவதற்காக ஒன்று வைத்திருக்கிறான். அவனிடம் வாங்கிச் சில இரவுகள் பார்த்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். குளிர்விப்பதில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் அறை 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 27 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத் தகட்டின் விளிம்பில் முத்து முத்தாக நீர் கட்டுவதை நானே பார்த்தேன். விழித்திருந்து கேம் ஆடுபவர் துடைத்துக்கொள்வார், தூங்குபவர் துடைக்க மாட்டார். பின்னைக் காப்பாற்ற வயர்லெஸ்ஸுக்கு வந்துவிட்டு, போனுக்கு அடியில் தண்ணீர் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சூடான போனை ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

மேக்னெட் ஸ்டாண்டில் குளிர்விப்பு என்று எதுவும் கிடையாது. அது சூட்டைப் பிறப்பிடத்திலேயே குறைக்கிறது. காந்த வளையம் போனை இழுத்து ஒரே இடத்தில் உட்கார வைப்பதால், இருட்டில் தூக்கக் கலக்கத்தில் வைத்தாலும் காயிலும் காயிலும் நேராக அமைகின்றன. ஆப்பிள் 2020-ல் ஐபோன் 12-ல் மேக்சேஃப் என்று இதைக் கொண்டுவந்தது. 2023-ல் அதே காந்த அமைப்பை அடிப்படையாக வைத்து க்யூஐ 2 என்ற, எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தக்கூடிய வயர்லெஸ் சார்ஜிங் தரம் வந்தது, அதில் 15 வாட் வரை ஏறும். போன் நிமிர்ந்து நிற்பதால் முகப்பும் முதுகின் பெரும்பகுதியும் காற்றில் இருக்கின்றன, சார்ஜரின் சின்ன வட்டம் மட்டும்தான் முதுகைத் தொடுகிறது.

அந்தக் காற்றைத் தருவது தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன். ஸ்டாண்டுக்குள் இருக்கும் சின்ன ஃபேனும் அறைக் காற்றைத்தான் தள்ளுகிறது, அறையைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் உண்டாக்க முடியாது. நமக்காக எப்படியும் இரவெல்லாம் ஓடுகிற பெரிய ஃபேன் இருக்கும்போது, அதன் கீழ் ஸ்டாண்டை நகர்த்தி வைத்தாலே போதும். அலமாரிக்குள்ளும் திரைச்சீலைக்குப் பின்னாலும் வைக்கக் கூடாது. என் அறையில் இப்படி வைத்தால் 38, 39-ல் நிற்கிறது. நல்ல நிலையில் இருந்த ஃபேன் ஸ்டாண்டைவிட ஓரிரு டிகிரி அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த 38 அடுத்த கோடையிலும் 38-ஆகவே இருக்கும். சுற்றுவதற்கோ அடைபடுவதற்கோ அதில் ஒன்றுமில்லை, ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் சுத்தம்.

அந்த ஓரிரு டிகிரியையும் செலவில்லாமல் ஈடுகட்டலாம். இரவுக்கு 15 வாட் தேவையில்லை. வேகம் குறைந்த அடாப்டரில் போட்டால் சூடும் குறையும். பழைய 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் பெரும்பாலான சார்ஜர்கள் 5 வாட்டில் ஓடும், சில மேக்னெட் ஸ்டாண்டுகள் மட்டும் அதை ஏற்காமல் விளக்கைச் சிமிட்டும். போனிலேயே 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஐபோன் 15 முதல் இருக்கிறது, சாம்சங், பிக்சல் போன்களிலும் இருக்கிறது. பேட்டரி நிரம்பிய நிலையில் சூட்டிலேயே விடிய விடியக் கிடப்பதுதான் அதன் ஆயுளை அதிகம் குறைக்கும். 80-ல் நின்றுவிட்டால் பின்னிரவு முழுக்க போன் ஆறிக் கிடக்கும். தடித்த ரப்பர் கவரைக் கழற்றி வைப்பதும் உதவும்.

மேக்னெட்டின் குறை, எல்லாப் போனிலும் காந்தம் கிடையாது என்பதுதான். ஐபோன் 12 முதல் வந்த பெரும்பாலானவற்றில் உண்டு, பிக்சல் 10-ல் உண்டு. சாம்சங் எஸ் 25-க்குக் காந்தம் வைத்த கவர் தனியாக வாங்க வேண்டும். பர்மா பஜாரில் ஒட்டும் வளையமும் விற்கிறார்கள். அதை ஒட்டும்போது ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், காயிலை நேராக அமைக்கும் பலனே போய்விடும். வயர்லெஸ் வசதியே இல்லாத போனுக்கு வளையம் ஒட்டிப் பயனில்லை. இப்போது 25 வாட் க்யூஐ 2 சார்ஜர்களும் வந்துவிட்டன. நான் புழங்கியது 15 வரைதான் என்பதால், அந்த வேகத்தில் 34 டிகிரி அறையில் ஃபேன் இல்லாமல் தாங்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இரவு ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தித் தூங்குபவர் என்றால் ஃபேன் ஸ்டாண்டைத் தாராளமாக வாங்கலாம். அவர் அறையில் உப்பும் கரியும் அவ்வளவு வராது. பகலில் அரை மணி நேரத்தில் வேகமாக ஏற்றிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டிய டெலிவரி வேலையில் இருப்பவருக்கும் ஃபேன் உதவும், ஆனால் அவருக்கு வயர்தான் இன்னும் நல்லது, பின்னைத் துடைத்துவிட்டுச் சொருகினால் போதும். மேக்னெட் ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர்கள் போனைக் கவரோடு கடைக்கு எடுத்துப்போய் ஒட்டிப் பாருங்கள். கேமரா மேடு ஸ்டாண்டின் விளிம்பில் இடித்தால் வளையம் சரியாக உட்காராது, அப்படி இருந்தால் வேறு மாடல் கேளுங்கள்.