மெட்டல் வால்வா, திசு வால்வா: ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு, 70 வயதுக்காரருக்குப் பெரிய குழப்பம் இல்லை. திசு வால்வு போதும். 40 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் மெட்டல் வால்வு. திண்டாட்டம் எல்லாம் 50க்கும் 65க்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். வழிகாட்டிகளே அங்கே ஒத்துப்போவதில்லை. அமெரிக்க இதய அமைப்புகளின் 2020 வழிகாட்டி மெட்டல் வால்வுக்கான எல்லையை 50 வயதில் வைத்து, 50 முதல் 65 வரை ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. ஐரோப்பிய வழிகாட்டி 2021இல் அந்த எல்லையை 60இல் வைத்தது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 60 வயதுக்குக் கீழே, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒழுங்காகச் செய்துகொள்ள வழி உள்ளவருக்கு மெட்டல் வால்வுதான் சரி. அந்த வழி இல்லாதவருக்கு, வயது 45 ஆனாலும், மெட்டல் வால்வு ஆபத்து.

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். மெட்டல் வால்வு என்று சொன்னாலும் இன்றைய வால்வின் இரண்டு இதழ்களும் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை. இந்த ஈரிதழ் வடிவம் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது 1977இல். திசு வால்வு மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்து, குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தியது. இரண்டில் எதை வைத்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு, வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க 2 கிராம் அமாக்ஸிசிலின் இரண்டிலும் உண்டு. மெட்டல் வால்வு 'டிக் டிக்' என்று கேட்கும். அமைதியான அறையில் பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும். பெரும்பாலோர் சில மாதங்களில் பழகிவிடுகிறார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

நியூயார்க் மாநிலத்தில் 50 முதல் 69 வயதுக்குள் பெருந்தமனி வால்வு மாற்றிக்கொண்ட 4,253 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2014இல் வந்தது. 15 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் திசு வால்வில் 60.6%, மெட்டலில் 62.1%. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மறுபடி நெஞ்சைத் திறக்க நேர்ந்தவர்கள் திசு வால்வில் 12.1%, மெட்டலில் 6.9%. பெரிய ரத்தப்போக்கு இதற்குத் தலைகீழ்: திசுவில் 6.6%, மெட்டலில் 13.0%. பக்கவாதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

2017இல் வந்த கலிபோர்னியா ஆய்வு வயதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. 45 முதல் 54 வயதுக்காரர்களில் 15 ஆண்டு இறப்பு திசு வால்வில் 30.6%, மெட்டலில் 26.4%. 55ஐத் தாண்டியதும் அந்த லாபம் மறைந்துவிட்டது. மைட்ரல் வால்வில், அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வில், மெட்டலின் லாபம் 70 வயது வரை நீடித்தது.

இவை குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகள் அல்ல, பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தவை. மெட்டல் வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று அறுவை மருத்துவர் கணித்த நோயாளிக்குத் திசு வால்வு போயிருக்கலாம். அந்தக் கலப்பைப் புள்ளியியலால் முழுவதும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் நான்கு சதவீத வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன்.

நான் மெட்டல் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு. திசு வால்வின் கேடு கால்சியம் படிதல். உடம்பு இளமையாக இருக்க இருக்க அது வேகமாகப் படிகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்னும் வேகம். அதைத் தடுக்க நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். மெட்டல் வால்வின் கேடு ரத்தம் கட்டுவதும் ரத்தம் போவதும். இரண்டையும் ஐ.என்.ஆர். என்ற ஒரே எண்ணை வைத்துக் கணிசமாகக் குறைக்க முடியும். 13% ரத்தப்போக்கு என்பது நன்றாகப் பராமரித்தவர், பராமரிக்காதவர் எல்லாரையும் சேர்த்து வந்த கணக்கு. கைக்கு எட்டும் ஆபத்தையும் எட்டாத ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

ஐ.என்.ஆர். பராமரிப்பு: எல்லாம் இங்கேதான்

பெருந்தமனி இடத்தில் ஈரிதழ் மெட்டல் வால்வு, வேறு சிக்கல் இல்லை என்றால் இலக்கு 2.5, அதாவது 2.0 முதல் 3.0 வரை. மைட்ரல் இடத்திலோ, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு சேர்ந்திருந்தாலோ இலக்கு 3.0, 2.5 முதல் 3.5 வரை. ஆன்-எக்ஸ் வகை மெட்டல் வால்வு பெருந்தமனி இடத்தில் இருந்தால், முதல் மூன்று மாதம் கழிந்தபின் 1.5 முதல் 2.0 வரை இறக்கி, கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கும் முறைக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'வார்ஃபரின் தொடரவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. இலக்கு எண்ணை எழுதி வாங்குங்கள்.

அறுவைக்குப் பின் ஐ.என்.ஆர். இலக்கைத் தொடும்வரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடும். முதல் மூன்று மாதம்தான் வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, எண் நிலைத்தபின் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று சோதனை போகும். நிலைத்துவிட்டது என்று நினைத்து மூன்று நான்கு மாதம் பார்க்காமல் விடுவதுதான் பல கெட்ட முடிவுகளின் தொடக்கம்.

மாத்திரையைச் சாயங்காலம் எடுப்பது நல்லது. காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் எண் தெரிந்து, அன்றைய அளவையே மாற்றிக்கொள்ளலாம். இன்று மாற்றியதன் பலன் ஐ.என்.ஆரில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இது புரியாமல் திங்கள் கூட்டி, செவ்வாய் எண் ஏறவில்லை என்று இன்னும் கூட்டினால் வெள்ளிக்கிழமை எண் 6இல் நிற்கும். அளவை நாள் கணக்கில் பார்க்காமல் வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். வாரம் 35 மில்லிகிராம் எடுப்பவருக்கு எண் கொஞ்சம் தாழ்ந்தால் மருத்துவர் வாரத்துக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை கூட்டுவார், அதற்கு மேல் பெரும்பாலும் போகமாட்டார். ஒருவேளை மாத்திரை மறந்து அன்றே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் நினைவு வந்தால் விட்டுவிட வேண்டும். இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த எண்ணைக் கலைப்பது பெரும்பாலும் வேறொரு மருத்துவர் எழுதிய மருந்துதான். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்ஸசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் நான்கும் ஐ.என்.ஆரை ஏற்றும். ரிஃபாம்பிசின், கார்பமசெபின் இறக்கும். நிறுத்திய பிறகு எண் திரும்ப ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளின் கேடு வேறு மாதிரி. எண் சரியாகவே இருக்கும், வயிற்றில் ரத்தம் போகும். வலிக்குப் பாராசிட்டமால் எடுங்கள்; அதுவும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும். எந்தப் புது மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும் மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கீரையை அடியோடு விடச் சொல்வது தவறான அறிவுரை. வைட்டமின் கே மிகக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்குத்தான் எண் அதிகம் ஊசலாடுகிறது. வாராவாரம் ஒரே அளவு சாப்பிட்டால் போதும்; மாத்திரையின் அளவு அதற்கேற்பப் பொருந்திக்கொள்ளும்.

பல் பிடுங்குவதற்கு வார்ஃபரினை நிறுத்துவது இன்னொரு பழைய பழக்கம். ஐ.என்.ஆர். 3.5க்குள் இருந்தால் நிறுத்தாமலே ஓரிரு பற்களை எடுக்கலாம். தையலும், டிரானெக்ஸாமிக் அமிலக் கொப்பளிப்பும் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய அறுவை என்றால் ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் ஹெப்பாரின் ஊசி போடலாமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். பெருந்தமனி இடத்து ஈரிதழ் வால்வுக்கு, வேறு ஆபத்து இல்லாவிட்டால், பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மைட்ரல் வால்வுக்குப் பெரும்பாலும் போடுவார்கள்.

வீட்டிலேயே விரல் குத்திப் பார்க்கும் கருவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 11 ஆய்வுகளில் கலந்துகொண்ட 6,417 பேரின் தரவை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியான அலசலில், தானே சோதித்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்கட்டிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ரத்தப்போக்கிலும் இறப்பிலும் மாற்றம் தெரியவில்லை. நன்றாக நடக்கும் ஐ.என்.ஆர். கிளினிக் பக்கத்தில் இருப்பவருக்குக் கருவியால் கூடுதல் லாபம் சிறிதுதான் என்பதை 2,922 பேரை வைத்துச் செய்த 2010 அமெரிக்க ஆய்வு காட்டியது. கிளினிக் தொலைவில் இருப்பவருக்குக் கருவி பெரும் துணை.

'வார்ஃபரினுக்குப் பதில் புது மாத்திரை வந்துவிட்டதாமே?' என்று கேட்பவர்களுக்கு: மெட்டல் வால்வுக்கு வரவில்லை. டபிகாட்ரானைச் சோதித்த ரீ-அலைன் ஆய்வில் ரத்தக்கட்டியும் ரத்தப்போக்கும் இரண்டுமே கூடியதால் நடுவிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. அபிக்சபானை ஆன்-எக்ஸ் வால்வு வைத்த 863 பேரிடம் சோதித்ததும் 2022இல் நின்றது. ஆண்டுக்கு 100 பேரில் ரத்தக்கட்டி அபிக்சபானில் 4.2, வார்ஃபரினில் 1.3. அந்நியப் பரப்பைத் தொட்ட ரத்தம் உறைதலைப் பல முனைகளில் தூண்டுகிறது. வார்ஃபரின் 2, 7, 9, 10 என நான்கு உறைதல் காரணிகளையும் ஒருங்கே தாழ்த்துகிறது. புது மாத்திரைகள் ஒன்றை மட்டும் அடைக்கின்றன. காரணம் அதுவாக இருக்கலாம் என்பதே இப்போதைய விளக்கம். யாராவது நல்லெண்ணத்தில் மாத்திரையை மாற்றி எழுதினால் மறுத்துவிடுங்கள்.

பராமரிப்பு தவறினால் வால்வில் ரத்தம் கட்டும். டிக் ஒலி மங்குவது, திடீர் மூச்சுத்திணறல் இரண்டில் எது வந்தாலும் அதே மணி நேரத்தில் மருத்துவமனை. அங்கே அறுவை ஒரு வழி. 25 மில்லிகிராம் ஆல்டெபிளேஸை 25 மணி நேரம் மெல்ல ஏற்றிக் கட்டியைக் கரைப்பது இன்னொரு வழி. துருக்கியில் 158 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் கரைப்பு 90% பேருக்குப் பலித்தது. மூன்று மாத இறப்பு 2.4%, அறுவையில் 18.7%. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகவில்லை என்றாலும், கேட்டுப் பார்க்க வேண்டிய வழிதான்.

திசு வால்வுக்கு உரிய இடம்

65க்கு மேல், தாய்மை எதிர்நோக்கும் பெண்கள், அடிக்கடி வயிற்றில் ரத்தம் கசிபவர்கள், ஐ.என்.ஆர். சோதனை எட்டாதவர்கள் ஆகியோருக்குத் திசு வால்வே. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கும். நாளுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. மைட்ரல் திசு வால்வோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவருக்கு, புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபான் வார்ஃபரினுக்குக் குறைந்ததல்ல என்று பிரேசிலில் 1,005 பேரிடம் நடந்த ரிவர் ஆய்வு 2020இல் காட்டியது. திசு வால்வுக்குக் கிடைத்த உண்மையான வசதி இது.

'தேய்ந்தால் தொடை வழியாக உள்ளேயே இன்னொன்று வைத்துக்கொள்ளலாம்' என்ற வாக்குறுதியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முடியும், நன்றாகவும் நடக்கிறது. ஆனால் வால்வுக்குள் வால்வு வைத்தால் வழி குறுகும். 459 பேரின் பதிவை அலசிய 2014 ஆய்வில், முதல் வால்வு 21 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 74.8% மட்டுமே. அவர்களில் பலர் மிக வயதானவர்கள். 55இல் திசு வால்வு வைத்து 67இல் இரண்டாவது வைத்துக்கொண்டவர் 80இல் எப்படி இருப்பார் என்பதற்குப் போதிய தரவு இன்னும் சேரவில்லை. கால்சியம் படியாதபடி பதப்படுத்திய ரெசிலியா திசுவின் ஏழாண்டு முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 67ஐ ஒட்டியது, ஏழு ஆண்டு என்பது பழைய திசு வால்வுகளும் பெரும்பாலும் தாக்குப்பிடித்த காலம். பன்னிரண்டு பதினைந்து ஆண்டுக் கணக்கு வரட்டும், என் சாய்வு மாறலாம்.

திசு வால்வு என்று முடிவு செய்துவிட்டால் அறுவைக்கு முன்பே கேளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் வால்வு உட்காரும்? 19 அல்லது 21 என்று பதில் வந்தால், வால்வு வளையத்தைப் பெரிதாக்கி ஓர் அளவு கூடுதலாக வைக்க முடியுமா? அறுவைக்குப் பின் தரும் வால்வு அட்டையில் மாடல், அளவு, வரிசை எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, அதைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவரின் போனிலும் வைத்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து இரண்டாவது வால்வைத் திட்டமிடும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த அளவைத்தான்.