சுங்கை சிப்புட்டில் ஒரு மின்னாக்கக் கடை: படம் அருமை, வாசிப்பில் எச்சரிக்கை தேவை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில், பழைய தாள்களைப் படமெடுத்துக் கணினிக் கோப்புகளாக்கித் தரும் சிறிய மின்னாக்கக் கடையில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் செயற்குழுவின் ஆறு நோட்டுப் புத்தகங்களில் இரண்டைச் சென்ற மாதம் கொடுத்தேன். 1953 முதல் 1964 வரையிலான வரவுசெலவும் கூட்டக் குறிப்புகளும் அவற்றில் உள்ளன. ரப்பர் அழிந்து செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிக்கப்பட்ட பின்னர், அங்கு வாழ்ந்தவர்கள் தம் கையாலேயே எழுதிவைத்தவற்றில் எங்களிடம் எஞ்சியிருப்பது இவ்வளவுதான். செக்ரோல் என்ற ஆள்வருகை, கூலிப் பதிவேடு நிர்வாகத்தின் எழுத்து. இவை தொழிலாளரின் எழுத்து.

படமெடுக்கும் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பூச்சி அரித்த தாள்களைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து படமெடுக்கும் கருவியின் கீழே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களைப் பிரிக்க முயலாமல் என்னைத் தொலைபேசியில் கேட்டார்கள். பக்கத்துக்கு 80 சென் என்பது நியாயமான விலை.

கூடுதல் கட்டணத்துக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பக்கங்களை எழுத்தாக்கி, சுருக்கமும் தருகிறார்கள். நோட்டுக்குள் செருகியிருந்த 1962ஆம் ஆண்டுத் திருவிழாத் துண்டறிக்கையை அது பிழையின்றி வாசித்தது எனக்கு வியப்பாக இருந்தது. தமிழ்நாட்டில் 1978இலும் பின்னர் நம் நாட்டிலும் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கப்படுவதற்கு முந்தைய அச்சு அது. கொம்பு வைத்த பழைய ‘லை’, ‘னை’யும், சுழித்து எழுதிய ‘றா’, ‘னா’வும் நிறைந்தது. கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியில் (யூனிகோட்) பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே என்பதால், சரியாக வாசித்துவிட்டால் தேடலில் எந்தச் சிக்கலும் எழுவதில்லை.

கையெழுத்துப் பக்கங்களில்தான் நிலைமை மாறியது. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴ என்று எழுதும் வழக்கம் எழுத்தரிடம் இருந்தது. ஒருங்குறியில் இடம்பெற்றுள்ள குறிகளே ஆயினும் கருவி அவற்றைப் பக்கத்துக்கு ஒரு விதமாக வாசித்தது. அது கண்ணுக்குத் தெரியும் பிழை, திருத்திவிடலாம். என்னைக் கவலைகொள்ளச் செய்தவை கண்ணுக்குத் தெரியாத பிழைகள். ‘காலைப் பெரட்டில் அறிவிக்கப்பட்டது’ என்ற வரி ‘காலைப் பொழுதில் அறிவிக்கப்பட்டது’ என்று வந்திருந்தது. மூலத்தைப் பார்க்காதவர் யாரும் இதைச் சந்தேகிக்க மாட்டார். அந்த அளவுக்கு வாக்கியம் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களம் அந்த ஒரு சொல்லோடு மறைந்துபோகிறது. சுருக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘தண்டல் 5 வெள்ளி’ என்ற பதிவுக்கு, கோயிலுக்காக வரி தண்டப்பட்டதாக விளக்கம் எழுதியிருந்தது. நம் தோட்டங்களில் தண்டல் என்பவர் வேலையை மேற்பார்வையிடும் ஆள். அவர் கொடுத்த நன்கொடை அது. இன்னொரு பக்கத்தில், வெள்ளி என்றால் இங்கே பணம் என்பதை அறியாமல், அம்மனுக்கு வெள்ளிப் பொருள்கள் சாத்தப்பட்டதாகக் கண்டிருந்தது.

படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் பழைய எழுத்துணரிகள் தவறினால் பொருளற்ற எழுத்துக்குவியல் வரும். உடனே நாம் மூலத்துக்குத் திரும்புவோம். இப்போதைய மொழி மாதிரிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. தாம் கற்ற உரைகளில் அரிதாக இருக்கும் சொல்லை விடுத்து, வழக்கமான சொல்லை அவை எளிதில் இட்டுவிடுகின்றன. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு சொல் எங்கெங்கே, எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரலாறு எழுதும் கணினிவழி ஆய்வில், இத்தகைய உரையை நம்பினால் ‘பெரட்டு’ என்ற சொல்லே அக்காலத்தில் வழங்கவில்லை என்ற முடிவுக்கு ஒருவர் நேர்மையாகவே வந்துசேரலாம்.

கடை நடத்தும் தம்பியிடம் இதை விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டார், சுருக்கத்துக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தந்தார். ஐயமான சொற்களுக்கு அடையாளமிட்டு, படத்தையும் எழுத்தையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துத் தர இயலும் என்றும் சொன்னார்; வாடிக்கையாளர் கேட்காமலேயே அதை அவர் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள். பக்கங்கள் வாசிப்புக்காக இணையவழி வெளிச்சேவை ஒன்றுக்கு அனுப்பப்படுவதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். யார் எவ்வளவு கடன் வைத்திருந்தார் என்பது வரை அந்த நோட்டுகளில் இருக்கிறது; அக்குடும்பங்கள் இன்றும் இதே ஊரில் வாழ்கின்றன.

மீதி நான்கு நோட்டுகளையும் அங்கேயே கொடுக்கப்போகிறேன், படமெடுக்க மட்டும். அத்தனை ஆண்டுக் குறிப்புகளும் ஒரே எழுத்தரின் கையெழுத்து என்பதால், சில பத்துப் பக்கங்களை நாங்களே தட்டெழுதித் தந்து, அந்தக் கையெழுத்துக்கென்றே ஒரு கருவியைப் பழக்கலாம் என்று தம்பி கூறியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் பெரட்டில் நின்று பழகிய என் பெரியம்மாவுக்கு வாசித்துக்காட்டித் தட்டெழுதும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.