ஒரு சாப்பாட்டு இரவுக்கு ஃபுகுவோகா: ஒரு மதிப்பீடு

ஜப்பான் வழியாகப் பறக்கும்போது நடுவில் ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் கையில் கிடைத்தால், பெரும்பாலானோர் டோக்கியோவையோ ஒசாகாவையோதான் நினைப்பார்கள். சாப்பிடுவது ஒன்றே நோக்கம் என்றால், கியூஷு தீவிலுள்ள ஃபுகுவோகா அவ்விரண்டையும் விடப் பொருத்தமான ஊர் என்பது என் முடிவு. உணவின் தரம் அதற்குப் பாதிக் காரணம்; விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பது மீதிக் காரணம். உள்நாட்டு முனையத்தின் அடியிலிருந்து கிளம்பும் சுரங்க ரயில் ஹகாடா நிலையத்தை 5 நிமிடங்களிலும், கடைவீதிகள் நிறைந்த தென்ஜினை 11 நிமிடங்களிலும் அடைந்துவிடுகிறது. டோக்கியோவுக்கான நரிதா விமான நிலையத்தில் இறங்கியவர் அந்நகரின் நடுப்பகுதியை எட்டுவதற்குள், இங்கே இறங்கியவர் முதல் கிண்ணத்தைக் காலி செய்துவிடலாம். ஒரு குறையும் உண்டு: பன்னாட்டு முனையம் ஓடுபாதையின் எதிர்ப்புறத்தில் தனியாக இருப்பதால், இலவசப் பேருந்தில் உள்நாட்டு முனையத்துக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும், இல்லையேல் ஹகாடாவுக்கு நேரே போகும் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். குடிவரவு வரிசையையும் கணக்கில் சேர்த்தால், மாலை ஆறு மணிக்குள் தரையிறங்கும் விமானமே இத்திட்டத்துக்குச் சரிப்படும்.

தங்குவதற்கு ஹகாடா நிலையத்தைச் சுற்றி விடுதிகள் ஏராளம் என்றாலும், அதற்கும் தென்ஜினுக்கும் இடையிலுள்ள நகசு-கவபாதா நிலையத்தின் அருகில் அறை எடுப்பதே நல்லது. இரவில் ஆற்றங்கரையில் விரிக்கும் தள்ளுவண்டிக் கடைகளுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

ஃபுகுவோகா என்றதும் எல்லோரும் சொல்வது 'யதாய்' எனப்படும் தள்ளுவண்டிக் கடைகளை. நகசு ஆற்றோரம், தென்ஜின், நகஹாமா ஆகிய பகுதிகளில் ஏறக்குறைய நூறு கடைகள் இருக்கின்றன. மாலையில் வண்டியை இழுத்து வந்து நடைபாதையில் விரித்து, பொழுது விடிவதற்குள் சுவடு தெரியாமல் எடுத்துச் சென்றுவிட வேண்டும் என்பது விதி. நகராட்சி 2013ஆம் ஆண்டில் இவற்றுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, உரிமம், நேரம், விலைப்பட்டியல் அனைத்தையும் ஒழுங்குபடுத்தியது. ஒரு கடையில் எட்டுப் பத்துப் பேர்தான் உட்கார முடியும். நெகிழித் திரையை விலக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தால், முன்னே இரும்புக் கல், பக்கத்தில் ஓடென், அதாவது சாற்றில் வேகும் முள்ளங்கி, முட்டை, மீன் பண்டங்கள், கொதிக்கும் சதுரப் பாத்திரம், முழங்கையை அசைத்தால் அடுத்தவர் கோப்பையில் படும் அளவுக்கு நெருக்கம். தெரியாதவர்களோடு பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது. இந்தக் கடைகளின் உண்மையான சிறப்பு அதுதான்.

உணவைப் பொறுத்தவரை என் மதிப்பீடு அவ்வளவு தாராளமானதன்று. பச்சை மீன் பரிமாற இவற்றுக்கு அனுமதியில்லை என்பதால், இவ்வூரின் பெருமைகளில் ஒன்றான கோமாசபா, அதாவது எள்ளும் சோயாவும் சேர்த்த பச்சைக் கானாங்கெளுத்தி, இங்கே கிடைக்காது. அதற்குக் கூரையுள்ள கடைக்குத்தான் போக வேண்டும். சிறு கம்பிகளில் சுட்ட இறைச்சிக்கும் ஒரு பானத்துக்கும் நகசுப் பக்கம் கொடுக்கும் தொகைக்கு, இரண்டு தெரு தள்ளி உள்ள சாதாரண மதுக்கூடத்தில் நிறைவாகவே சாப்பிட்டுவிடலாம். கழிப்பறை கிடையாது, கனமழையோ பெருங்காற்றோ என்றால் கடையே இருக்காது. ஆகவே ஒரு கடை, ஒரு பானம், கல்லில் வறுத்துத் தரும் யாக்கி ராமென் நூடுல்ஸ் போன்ற ஒரு தட்டு என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவதே என் பரிந்துரை. வெளியே வரிசை நிற்கும்போது நெடுநேரம் உட்கார்ந்திருப்பது அங்கே அழகுமன்று.

அடுத்தது ராமென். பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, பால் போல வெளுத்த பின் எடுக்கும் டோன்கொட்சுச் சாற்றில், ஊசி போன்ற மெல்லிய நூடுல்ஸைப் போட்டுத் தருகிறார்கள். நகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நின்று சாப்பிட நேரமில்லாததால், சீக்கிரம் வேகும்படி நூடுல்ஸ் மெலிந்தது என்றும், மெலிந்தது சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் முதலில் குறைவாகப் போட்டுப் பின்னர் 'கயேடமா' என்று மறுபடி கேட்டு வாங்கும் வழக்கம் வந்தது என்றும் சொல்கிறார்கள். சாற்றில் பாதியை மிச்சம் வைத்திருந்தால்தான் கயேடமா ருசிக்கும். முதலிலேயே 'கட்டா', அதாவது விறைப்பாக, என்று சொல்லிவிடுவது நல்லது. மேசையிலுள்ள காரமான தகானாக் கீரை ஊறுகாயைச் சாற்றை ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முதலிலேயே கொட்டினால் முகம் சுளிக்கும் கடைக்காரர்களும் உண்டு.

மாட்டுக் குடலை முட்டைக்கோஸ், பூண்டு மணமுள்ள நிராத் தழையோடு கொதிக்கவைக்கும் மோட்சுநாபே இவ்வூரின் மற்றோர் அடையாளம். ஆனால் பல கடைகளில் இருவருக்குக் குறைந்து கொடுப்பதில்லை, வயிற்றையும் முழுதாக அடைத்துவிடும் என்பதால், ஓர் இரவுப் பயணத்தில், அதுவும் தனியாக வருபவர், அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

பயணிகள் அதிகம் கண்டுகொள்ளாதது காலை நேரத்து உடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ். என் கணக்கில் முதலிடம் அதற்குத்தான். ஹகாடா நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள ஜோதென்ஜி கோயில் 1242ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதை நிறுவிய துறவி என்னி, அதற்கு முந்தைய ஆண்டில் சீனாவிலிருந்து மாவரைக்கும் நுட்பத்தைக் கொண்டுவந்ததாக மரபு கூறுகிறது. உடோனும், பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸும் இங்கேதான் பிறந்தன என்று கோயில் வளாகத்தில் ஒரு கல்லும் நட்டிருக்கிறார்கள். ஷிகோகு தீவின் சானுகி உடோனின் இழுவைத் தன்மைக்குப் பழகியவர்களுக்கு இவ்வூர் உடோன் குழைந்துபோனதாகத் தோன்றக்கூடும். உதட்டாலேயே அறுந்துவிடும் அந்த மென்மையைத்தான் இவ்வூரார் விரும்பிக் கேட்கிறார்கள். கோபோ வேரை மாவில் தோய்த்துப் பொரித்துப் போடும் கோபோதென் உடோனையே கேளுங்கள்: வேரின் மண் வாசம் தெளிந்த சாற்றில் மெல்ல இறங்குகிறது, பொரித்த மேல்மாவு பாதி ஊறியும் பாதி மொறுமொறுப்பாகவும் இருக்கிறது. மாகி நோ உடோன் கடையில் நூடுல்ஸ் சாற்றை உறிஞ்சிக்கொண்டே போவதால், மேசையில் ஒரு கெண்டி நிறையச் சாறு தனியாகவே வைத்துவிடுகிறார்கள். அதன் கிளை ஒன்று ஹகாடா பேருந்து நிலையத்தின் அடித்தளத்தில் இருப்பது அவசரக்காரர்களுக்கு வசதி. விலையும் ராமெனை விடக் குறைவு.

மிளகாயில் ஊறவைத்த மீன் சினையான மென்டாய்கோவை நகசுவில் 1949ஆம் ஆண்டு விற்கத் தொடங்கியது ஃபுகுயா கடை. கொரியாவின் பூசானில் பிறந்து வளர்ந்த அதன் நிறுவனர், செய்முறைக்குக் காப்புரிமை வாங்காமல் பிறருக்கும் கற்றுக்கொடுத்ததால்தான் இன்று தெருவுக்குத் தெரு மென்டாய்கோ கிடைக்கிறது. வெறும் வெள்ளைச் சோற்றோடு ஒரு துண்டு போதும். வாங்கிக்கொண்டு போக நினைப்பவர்கள், அது குளிர்பதனத்தில் இருக்க வேண்டிய பொருள் என்பதையும் அடுத்த விமானம் எத்தனை மணி நேரம் என்பதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

சைவ உணவினருக்கும் பன்றியிறைச்சி தொடாதவர்களுக்கும் இந்த ஊரை ஓர் இரவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் உடோனின் சாற்றில்கூட மீன் இருக்கும். அவர்களுக்கேற்ற கடைகள் இருந்தாலும், அவற்றைத் தேடிப் பிடிப்பதிலேயே அந்த மாலை கழிந்துவிடும்.